அம்பு ஸ்டிக்கர்

கம்பெனியில் என் வேலை குறை கண்டுபிடிப்பது.
டியூப் லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம்
கண்ணில் பட்டால்
நகத்தளவு சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டுவேன்.
மணிக்கு நூற்றி இருபது பீஸ்.
ஒன்று தப்பினாலும் சூப்பர்வைசர்
டேபிள் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்,
பேர் சொல்ல மாட்டார்.

அந்தக் கண்ணுக்கு
கட்டில் தலைமாட்டுச் சுவர் தப்பிவிட்டது.

ஐப்பசியில் ஒருநாள் பீரோவை நகர்த்தினேன்.
பின்னால் கடுகளவு கறுப்புப் புள்ளிகள்,
நடுவில் சாம்பல், ஓரத்தில் பச்சை.
மடித்து வைத்த கூறைப்புடவையிலும் அதே வாசம்:
வெள்ளிக்கிழமை கழுவ மறந்த டிபன் பாக்ஸைத்
திங்கட்கிழமை திறக்கிற வாசம்.

பகலில் அந்தக் கட்டிலில் அவர்,
நிட்டிங்கில் நைட் ஷிப்ட்.
இரவில் நானும் தர்ஷித்தும்.
கட்டில் ஆறுவதே இல்லை.
சுவரும் அப்படித்தான்.

துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு
பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தேன்.
கண் எரிந்தது, சுண்ணாம்பு மாவாய்க் கொட்டியது.
மூன்று நாள் வெள்ளை.
நான்காம் நாள் காலையில்
விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தது.

தர்ஷித்துக்கு விசில் மாதிரி ஒரு மூச்சு.
புகை வரும் முகமூடியைப் போட்டதும்
தும்பிக்கை என்று சிரித்தான், அப்புறம் அழுதான்.
டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி:
"வீடு ஓதமா?"

கருணாம்பாக்கா வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.
"ஓரம்பு கண்ணு, மழைக்கு அப்படித்தான் இருக்கும்.
நீங்க உள்ளயே துணி காயப் போடறீங்கல்ல, அதான்.
எட்டு வருசமா இந்த லைன்ல ஒருத்தருஞ் சொன்னதில்ல."
லைன் வீட்டு நடை இரண்டரை அடி.
அதில் ஆறு குடும்பத்துத் துணி.

அன்று ஷிப்ட் முடிந்து வரும்போது
ஒரு ஷீட் அம்பு ஸ்டிக்கர் என் பையில் இருந்தது.
திருட்டென்றால் திருட்டுத்தான்.

ஞாயிறுதோறும் பூஞ்சையின் விளிம்பில்
நாலைந்து அம்பு ஒட்டினேன், அது ஊர்கிற பக்கம் பார்த்து.
பக்கத்தில் பென்சிலால் தேதி.
எவ்வளவு தூரம் வருகிறதென்று பார்க்க மட்டும்தான்.
ஐந்தாம் ஞாயிறு விளக்கைப் போட்டுத் தள்ளி நின்றேன்.
விசிறிபோல் விரிந்திருந்தன எல்லாம்,
வால்கள் மட்டும் ஓரிடத்தைப் பார்த்துக் கூடின:
ஸ்விட்ச் போர்டுக்கு இடப்பக்கம்,
தரையிலிருந்து இரண்டு முழம்.

அங்கே காதை வைத்தேன்.
மேல் வீட்டில் மோட்டார் போட்டார்கள்.
சுவருக்குள் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

சென்னியப்பன் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார்.
காரை பிய்ந்து விழுந்தது ஈரக் கேக்காக.
டேங்குக்குப் போகும் பைப்பின் முழங்கையில்
நூலளவு விரிசல்.
"பிளம்பரே வேண்டாமாட்ட இருக்குதுங்க" என்றார்.
கருணாம்பாக்கா விரிசலைக் குனிந்து பார்க்கவில்லை.
"செவுத்துல எதுக்குக் கண்ணு இதெல்லாம் ஒட்டறது?
உரிச்சா பெயிண்டும் கூட வந்துருமல்லொ."

தை பிறந்துதான் சுவர் காய்ந்தது.
சிமென்ட் பூசிய திட்டு அப்படியே இருக்கிறது,
பெயிண்ட் அப்புறம் என்றார்கள்.
வாடகையில் முந்நூறு அப்போதே ஏறிவிட்டது.
புடவையை வெயிலில் போட்டேன்,
வாசம் போய் ஜரிகையும் கறுத்துவிட்டது.

மிச்ச அம்புகளை நான் எடுக்கவில்லை.
ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

நேற்று தர்ஷித் ஒன்றை உரித்து
சட்டை போடாத நெஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தான்.
"அம்மா, இங்க டேமேஜ். செக் பண்ணு."

மண்டியிட்டு
சுவரில் வைத்த அதே காதை வைத்தேன்.

விசில் இல்லை.
இன்னொரு தரம் மூச்சு விடச் சொன்னேன்.