பாயின்ட் இடைவெளி

ஜெலுத்தோங் அடுக்குமாடிக்குக் கீழே
பதினேழாம் எண் நிறுத்தத்தில்
மோரிஸ் மைனர் முகத்தைத் திறந்துபோட்டு நிற்கிறது.
மணி ஆறே முக்கால்.
பத்துக்கு ஆள் வரும்.

குமிழை இழுத்தால் எஞ்சின் சுற்றுகிறது,
குர்ர் குர்ர் குர்ர்,
வாய் கொப்பளித்துக்கொண்டே துப்பாமல் இருப்பதுபோல்.
பிடிக்கவில்லை.

மூன்றாம் மாடி மிஸஸ் தியோ
குப்பைப் பையோடு நின்று
"பேட்டரி லா" என்றார்.
ஹாரன் அடித்துக் காட்டினேன்.
நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

ஏழு வருஷமாக அழைக்காத எண்.
மனப்பாடம் என்பது விரலுக்குத்தான் தெரிந்தது.

"சொல்லு."
"காடி ஸ்டார்ட் ஆகல, லோகேஸ்வரி."
தைப்பிங்கில் மழை.
போனுக்குள் தகரக் கூரை கேட்டது.
எப்படி இருக்கிறாய் என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
"சாவியப் போடு. பம்ப் பக்கத்துல போன வை."

வைத்தேன்.
டிக்டிக்டிக்டிக்
டிக் டிக்
டிக்.
நின்றது.
என் பேச்சை இவ்வளவு நேரம்
அவள் குறுக்கிடாமல் கேட்டதில்லை.
(நான் பேசியதும் இல்லை, அது வேறு.)

"பெட்ரோல் வருது. அது இல்ல.
பிளக் வயரக் கழட்டி எஞ்சின்கிட்டக் காட்டு."
மிஸஸ் தியோவை உள்ளே உட்காரவைத்தேன்.
இழுங்கள் என்றதும் இழுத்தார்,
இரண்டு கையாலும், கண்ணை மூடிக்கொண்டு.
பொறி இல்லை.
"நல்லாப் பாத்தியா?"
"பாத்தேன்."
"பாத்தது தெரியும். நல்லாப் பாத்தியான்னு கேட்டேன்."

மூடியைக் கழற்றினேன். விரிசல் இல்லை.
ரோட்டர் இருக்கிறது.
"பாயின்ட்?"

உளுந்து அளவில் இரண்டு உலோகப் புள்ளிகள்.
தொடவேண்டும், விலகவேண்டும்,
நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல்.
தொட்டே கிடந்தாலும் ஓடாது,
விலகியே நின்றாலும் ஓடாது.
விலகுகிற அந்தக் கணத்தில்தான் பொறி.
இதைச் சொன்னவள் அவள்தான்,
கல்யாணமான புதிதில், சுங்கை பட்டாணி ரோட்டோரம்,
முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு,
நான் குடை பிடித்து நின்றபோது.

"ஸ்க்ரூடிரைவரால நெம்பு. பொறி தட்டுதா?"
தட்டவில்லை.
டார்ச்சைக் கிட்டப் பிடித்தேன்.
நடுவில் வெள்ளையாக ஒரு துணுக்கு.
மிஸஸ் தியோ மாடிக்குப் போய்
புருவம் திருத்தும் இடுக்கியோடு வந்தார்.

காகிதம்.

நேற்றிரவு பழைய நாலு நம்பர் சீட்டைக் கிழித்து
பாயின்ட்டைத் துடைத்தவன் நான்.
நுனி உள்ளேயே தங்கிவிட்டது.

மழைக்கு நடுவே சிரித்தாள்.
"உன் நம்பர் ஒரு நாளாவது எதையோ பிடிச்சிருக்கே."

அடுத்த இழுப்பில் காடி உடம்பு முழுக்க நடுங்கி,
இரண்டு முறை இருமி,
தையல் மெஷின் மாதிரி ஓடத் தொடங்கியது.
மிஸஸ் தியோ கை தட்டினார்.
நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"நீயா துடைச்ச?"

"..."

"பதினோரு வருஷத்துல ஒரு கிளாஸ் கழுவினதில்ல.
யாரு வாங்குறா?"

சொன்னேன். பாயான் பாரு பையன். பல் டாக்டர்.
கொஞ்ச நேரம் கூரை மட்டும் பேசியது.

"ரெண்டாவது கியர் கத்தும்னு சொல்லிடு.
சோக்க உள்ள தள்ள மறந்துட்ட,
எனக்குக் கேக்குது."

தள்ளினேன்.
மழை அறுந்தது.

பத்துக்கு வந்தவன் பணத்தை இரண்டு தடவை எண்ணினான்.
"ஏதும் பிரச்சினைன்னா யாரக் கூப்பிடுறது, அங்கிள்?"
என் நம்பரைத்தான் சொல்ல ஆரம்பித்தேன்.
பூஜ்யம், ஒன்று, இரண்டு.
அதுவரை எங்கள் இருவருக்கும் ஒன்றே.
அதற்குப் பிறகு வந்தவை அவளுடையவை.

சரிதானே என்று
அவன் திரும்ப வாசித்தான்.
சரி என்றேன்.