பூச்சியம்

வடிகட்டியை அதன் மூக்கில் மாட்டியாயிற்று.
இனித் தூசு உள்ளே போக வழியில்லை.
பத்து நிமிடத்தில் பூச்சியம் காட்டும்
என்கிறது கையேடு.
காட்டுவது இருபத்திரண்டு.

அணைத்து, மறுபடி போட்டு,
ரப்பர் குழாயின் இடுக்கில் நாடா சுற்றி,
சமையலறை விசிறியை நிறுத்தி,
நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.
இருபத்திரண்டு.

காம்லூப்ஸில் ஆகஸ்ட்.
எந்த மலை எரிகிறது என்று கேட்பதை விட்டுவிட்டார்கள்.
எந்தப் பக்கத்துக் காற்று என்றுதான் கேட்கிறார்கள்,
பேருந்தில், வங்கியில், பல் பிடுங்கும் நாற்காலியில்கூட.
இரண்டு ஆறு கூடும் ஊர்.
சில நாள் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது.

நேற்று இதைக் காரில் ஏற்றிப் போய்
அரசாங்க அளவீட்டுக் கூண்டின் வேலியில் கொளுவினேன்.
உள்ளே இருப்பது பெரிய இயந்திரம்,
ஆள் வைத்துப் பராமரிக்கும் மகாராசா.
அது சொன்னது ஒன்பது.
என்னுடையது முப்பத்தொன்று.
ஒரு மணிநேரம் நின்றேன்.
மேட்டுப் புதர்களின் கசப்பு வாசம் வந்தது,
புகை நாளில் வராத வாசம்.
மூக்கை நம்பியிருக்கலாம்.

ஏனென்றால் கீழ்வீட்டில் ஆர்லீன் இருக்கிறாள்,
ஆக்சிஜன் குழாயோடு.
முப்பதைத் தாண்டினால் சன்னலைச் சாத்து என்று
வைத்தியர் சொன்னதைக் குளிர்பெட்டியில் எழுதி ஒட்டியிருப்பவள்.
காலையும் மாலையும் படியிறங்கி இலக்கம் சொல்வேன்.
முப்பத்திரண்டு. சாத்தினாள்.
முப்பத்தைந்து. கொக்கியையும் போட்டாள்.
பதினொரு நாள்.
வெளியே தொட்டியில் தக்காளி
பழுத்து வெடிப்பதைக் கண்ணாடி வழியே பார்த்தாள்.

திருகாணி நான்கு.
மின்சாரத்தை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்தேன்.
விரல்நுனி அகலத்தில் கறுப்பு அறை.
லேசர் போகும் பாதையோரம்
எள்ளில் பாதி, காலெல்லாம் மடித்து,
ஒற்றைச் சிலந்தி இழையில் தொங்கிக்கொண்டு
ஒரு பூச்சி.

விசிறி சுற்றும்போதெல்லாம் ஆடியிருக்கும்.
ஆடும்போதெல்லாம் ஒளி தெறித்திருக்கும்.
தெறித்ததையெல்லாம் புகை என்று
எண்ணிக் கொடுத்திருக்கிறது இது, ஒன்று விடாமல்.
பூச்சியத்துக்குள் பூச்சி.
சிரிப்பு வருமென்று பார்த்தேன். வரவில்லை.

காற்றுப் புட்டியால் சின்னச் சின்ன ஊதல்,
நீட்டி ஊதினால் ஈரம் படியும்.
பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு
கண்ணாடிக் கண்ணில் ஒரே திசையில் ஒரு துடைப்பு.
மூடும்போது மூன்று திருகாணிதான் அகப்பட்டது.
மறுபடி வடிகட்டி.
பதினாறு. ஏழு. ஒன்று.
பிறகு அந்த வட்டம்.

ஆர்லீன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.
சொன்னேன்.
“பதினொரு நாளுமா?”
“அநேகமாக. இரண்டு நாள் நிச்சயமில்லை.”
குளிர்பெட்டித் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பின் குழாயை இழுத்துக்கொண்டு எழுந்து
சன்னலைத் தள்ளினாள்.
இறுகிப்போயிருந்தது, இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது.

விளிம்பில் கருவியை வைத்தேன்.
பன்னிரண்டு.
எட்டிப் பழுத்ததில் ஒன்றைப் பறித்தாள்,
வெடிப்பில் எறும்பு. ஊதிவிட்டுக் கடித்தாள்.
பதினான்கு.
பத்தொன்பது.
ஆற்றுக்கு அக்கரை மேடு
சற்று மங்கிய மாதிரி. மாதிரிதான்.

“அதுக்குள்ளே இன்னும் ஏதாவது உயிர் இருக்கிறதா?”
என்றாள்.
இருபத்தேழு.
வாயில் தக்காளி,
கை கொக்கியில்.