வட்டி வரவு

பதினான்கு இலட்சத்து முப்பதாயிரம்.
மல்லாவிப் பக்கம் ஒரு குளக்கட்டுப் பிள்ளையாரின்
மண்டபக் கூரை நிதி.
பாதி கனடாக் காசு.
மீதி உண்டியல்: வியர்வையில் ஊறி
ஒன்றோடொன்று ஒட்டிய இருபது ரூபாய்கள்.

தனாதிகாரி நான்.
சிவன் சொத்து குலநாசம்
என்று சொல்லி வளர்ந்த வாய்.
கோயில் கணக்கில் ஒரு பிளேன்ரீ குடித்ததில்லை.
கற்பூரப் பெட்டிக்கும் றசீது உண்டு.

நிரூஜன் வந்தான், கொம்பனிப் பெடியன்,
நெற்றி நிறையத் திருநீறு.
"வங்கி எட்டுத் தருது, நாங்கள் பதினைஞ்சு தாறம்.
பிள்ளையாற்ற காசு சும்மா படுக்கலாமே, ஐயா?"
படுக்கக்கூடாதுதான்.
கையெழுத்து வைத்தேன்.
அவனுக்கு அந்த மாத இலக்கு,
எனக்குப் பொதுக்கூட்டத்தில் கைதட்டல்.

புதன்கிழமைகளில் அன்னதான மடத்தில்
கொம்பனி பாய் விரிக்கும்.
ஐந்து பெண்கள் ஒரு குழு.
ஒருத்தி விழுந்தால் நால்வர் தூக்க வேண்டும்.
நூற்றுக்கு முப்பத்தாறு.

தவறஞ்சினி கிணறு வெட்ட எடுத்தாள்.
இருபதடியில் பாறை.
"அதை அடைக்க இதை எடுங்கோ அக்கா"
என்றவனும் நிரூஜன்தான்.
கொடுத்த அன்றே அவனுக்குக் கொமிசன்.

ஒரு புதன், கூட்டத்துக்கு முன்,
கடன் தீரவேண்டுமென்று தேங்காய் அடித்து
உண்டியலில் நூறு ரூபாய் போட்டாள்.
அந்த நூறை நான்தான் எண்ணினேன்.
வைப்பில் இட்டேன்.
கொம்பனி அதை எடுத்து
அதே பாயில், அதே பிள்ளையார் பார்க்க,
அவளுக்கே கடன் கொடுத்தது.

இது விளங்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது.
கரண்ட் இல்லாத இரவு, ஐந்தொகை எழுதுகையில்
'வட்டி வரவு' என்ற வரியில் பேனை நின்றது.

தை பிறந்ததும் அவள் ஊரில் இல்லை.
காணாமல் போனாள் என்று சொல்ல
இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது.
வவுனியாவில் கார்மென்ற்ஸ் என்றார்கள்.
நால்வர் தூக்கினார்கள்.
ஒருத்தியின் காதில் இப்போது வேப்பங்குச்சி.

சிவன் சொத்தை எடுத்தால் குலம் நாசம்.
குலத்தின் சொத்தைச் சிவன் எடுத்தால்?
பழமொழி அந்தப் பக்கம் போகவில்லை.

பொதுக்கூட்டத்தில் சொன்னேன்,
தொண்டை விட்ட அளவுக்கு.
கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம்.
பிறகு கனகசூரியர் கேட்டார்:
"வேற கொம்பனி பதினெட்டுத் தருதாமே?"

இன்று புதன்.
மடத்துத் திறப்பு என் மடியில்.
பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள்,
பாஸ் புத்தகத்தைத் தலைக்குப் பிடித்தபடி.
நான் திறக்காவிட்டால்
மருதமரத்தடியில் கூடுவார்கள்,
வட்டி ஒரு சதமும் குறையாது.

அது எனக்குத் தெரியும்.
அதுதான் என் சாட்டு.