நின்றபடி ஓடுதல்

காலை ஆறு நாற்பது.
சீனக்குடாவின் உப்புக்காற்று
நாற்பத்தொரு லொறிகளின் கண்ணாடியிலும்
முதலில் தன் கையெழுத்தைப் போட்டுவிடுகிறது.
பிறகுதான் நான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்
இதே முற்றத்தில்
ஓடும் எஞ்சின் பக்கத்தில் காதை வைத்து
‘மூன்றாவது இன்ஜெக்டர்’ என்பேன்.
குலேந்திரன் கழற்றிப் பார்ப்பான்.
ஒன்றும் சொல்லாமல் போய்
தேத்தண்ணி வாங்கி வருவான்.
அதுதான் சான்றிதழ்.

இப்போது என் நகங்கள் சுத்தம்.
இரண்டு திரை, ஒரு குளிரூட்டி,
ஒன்பதரைக்குக் கொழும்போடு கூட்டம்.
டயர் தேயும் வேகம், டீசல் குடிக்கும் வேகம்,
சாரதி கொட்டாவி விட்டால்
ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம்.
வரப்போகிற பழுதுக்கு
இன்றைக்கே நாள் குறிக்கிறேன்.
சோதிடர்மார் இந்த வேலைக்கு
என்னைவிடக் கூட வாங்குகிறார்கள்.

இருபத்தாறாம் இலக்கம் சிவப்பு.
‘நின்றபடி ஓடியது: நூற்றுப் பதினொரு நிமிடம்.’
நேற்றும். முந்தாநாளும்.
கந்தளாயில் சாப்பாட்டுக்கடை வாசல்,
ஹபரணைக்கு இந்தப் பக்கம் காட்டோரம்,
தம்புள்ளையில் இறக்குமிடத்து வரிசை:
நிறுத்திய லொறி, நிறுத்தாத எஞ்சின்.
எரிந்துபோன டீசலை ரூபாயாக்கி
திரையே கணக்கும் போட்டு வைத்திருந்தது.
சாரதியின் படியில் வெட்ட
ஒரு பொத்தான்.
என் சுட்டுவிரலுக்குப் பக்கத்தில்.

ஜவாஹிரைக் கூப்பிட்டேன்.
கிண்ணியாக்காரர். எத்தனை தரம் சொல்லியும்
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.
தாளை நீட்டினேன். பார்க்கவில்லை.
“நிப்பாட்டினா திரும்பக் கெளம்பாது மிஸ்.
ஸ்டாட்டர் போயித்து.
ராவு ரெண்டு மணிக்கு
இருபத்தஞ்சு தொன் சீமெந்தோட
ஆரக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்ற?
ஆனையவா?”

“ஏன் எழுதித் தரல்ல?”

“எழுதின. மூணு தரம்.”

அது திரையில் இல்லை.
தகர அலுமாரியில் இருந்தது.
பங்குனி நாலு. பங்குனி இருபது. சித்திரை பதினேழு.
கிறீஸ் விரல் பதிந்த மூன்று தாள்.
ஸ்டாட்டர் மோட்டர், ஒன்று.
மூன்றின் மூலையிலும் பச்சை மை:
‘அடுத்த காலாண்டுக்கு. கே. வா.’

கேதீஸ்வரன் வாகினி.
செலவு குறைத்ததற்குக் கொழும்பு அனுப்பிய
பாராட்டு மின்னஞ்சலை
இன்னும் அழிக்காமல் வைத்திருப்பவள்.

டயருக்கு சென்சர் உண்டு.
டாங்கிக்கு உண்டு,
சாரதியின் இமைக்குக்கூட உண்டு.
பச்சை மைக்கு இல்லை.

ஒன்பதரைக் கூட்டத்தில் கேட்டார்கள்:
இருபத்தாறுக்கு யார் பொறுப்பு?
“நான்” என்றேன்.
யாரோ ஒருவரின் வீட்டில் குக்கர் விசிலடித்தது.
“உங்கட லைன் விட்டு விட்டு வருது” என்றார்கள்.
திரும்பவும் சொன்னேன்.
“சரி, அடுத்த பக்கம்.”

துறையில் கிளிங்கர் கப்பல்,
ஒரு லொறி குறைந்தால் ஒரு விளக்கக் கடிதம்.
எழுதினேன். இருபத்தாறை நிறுத்தினேன்.
வியாழக்கிழமை இரவு பஸ்ஸில்
கோணிப்பையில் சுற்றி வந்தது ஸ்டாட்டர்,
யாரோ பயணியின் பிலாப்பழத்துக்குப் பக்கத்தில்.
குலேந்திரன் படுத்துக்கிடந்து பூட்டினான்.
டார்ச்சைப் பிடித்தேன். வேறொன்றும் செய்யவில்லை.
போல்ட்டின் அளவு எனக்கு மறந்துபோயிருந்தது.

ஜவாஹிர் ஏறினார். கிளப்பினார்.
கொஞ்ச நேரம் ஓடவிட்டு
எங்கள் இருவரையும் பார்த்தபடி
சாவியை அணைத்தார்.

குடாவில் ஒரு படகின் சத்தம் கேட்டது.
அது எப்போதும் இருந்திருக்க வேண்டும்.

திரும்பச் சாவியைத் திருப்பினார்.
ஒரே தரத்தில்.

குலேந்திரன் கையைத் துடைத்துக்கொண்டு
பட்டறைக்குள் போனான்.
தேத்தண்ணி வரவில்லை.
நியாயம்தான்.