பாப்பர் கிணறு

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் புஞ்சையில்
ஒரு கிணற்றுக்குப் பாப்பர் கிணறு என்று பேர்.
வெட்டியவன் பேராக்கும் என்றிருந்தேன்
சட்டக் கல்லூரி இரண்டாம் வருஷம் வரைக்கும்.

அன்றைக்குக் கரும்பலகையில் ஆசிரியர் எழுதினார்:
இன் ஃபார்மா பாப்பெரிஸ்.
லத்தீன். ஏழையின் கோலத்தில்.
கோர்ட்டுக் கட்டணத்துக்கு வக்கில்லாதவர்
கட்டாமலே வழக்காட ஒரு வாசல்.
ஐந்நூறு வருஷம் இருக்கும், சீமையில் திறந்து.
தோற்றால் சாட்டையடி என்று
கொஞ்ச காலம் அதற்கொரு விதியும் இருந்ததாம்.
வகுப்பு சிரித்தது.
எனக்கு விருமாயிச் சின்னாத்தாளின்
காது ஞாபகம் வந்தது.

அறுபத்தொன்றில், திருமங்கலம் முன்சீப் கோர்ட்டில்
அவள் போட்ட வழக்கு.
சின்னய்யா செத்த மூன்றாம் மாதம்,
கிணற்றில் எட்டில் ஒரு பங்கு கேட்டு.
பிரதிவாதி எங்கள் அய்யா.

உடுத்திய துணியும் வழக்குப் பொருளும் போக
நூறு ரூபாய் பெறுமானம் இல்லாதவரே பாப்பர்.
அமீன் வந்து எழுதிப் போனான்:
மண்சட்டி மூன்று.
உலக்கை, பூண் கழன்றது.
கோழி ஒன்று, அடையில்.

எங்கள் வக்கீல் எழுந்து
மனுதாரர் காதைப் பார்க்கச் சொன்னார்.
தோளைத் தொடும் துளை.
தண்டட்டி கிடந்த துளை.
பொன் எங்கே?

"அவுக வைத்தியத்துக்குப் போச்சு சாமி.
ஓட்டைக்கு என்ன வெலையோ
அதையும் எழுதிக்கங்க."

முன்சீப் எழுதவில்லை. மனுவை ஏற்றார்.
நாலு வருஷம் கழித்துத் தீர்ப்பும் அவள் பக்கம்.
விட்டுவைத்த கட்டணத்தைச் சர்க்கார்
முதல் பற்றாக அந்த எட்டிலொன்றின் தலையிலேயே ஏற்ற,
இரண்டு வெள்ளாமை அதற்கே சரியாய்ப் போயிற்று.

ஆதியில் அது நிலத்துக்குச் சொன்ன சொல்லாம்,
கொஞ்சமாய் விளைகிறது என்று.
அதுவும் அந்த ஆசிரியர் சொன்னதுதான்.
எங்கள் கரிசலைப் பார்த்திருக்க மாட்டார் அவர்.

எழுபத்தாறில் சட்டம் அந்தச் சொல்லை அடித்துவிட்டு
வறியவர் என்று வைத்துக்கொண்டது.
திருத்தம் எங்கள் ஊர்வரை வரவில்லை.

எட்டாம் நாள் விடியலில்
மாட்டைக் கமலையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு
பேசாமல் வீடு வந்துவிடுவார் அய்யா.
தம்பி பெண்டாட்டி பேரை அவர் சொன்னதே இல்லை.
"இன்னைக்குப் பாப்பர் முறை" என்பார்,
கலெக்டர் வருகிற மாதிரி.