தகாத வார்த்தை

பாமணி ஆற்றின் பக்கவாய்க்காலில்
ஞாயிறுதோறும் இறங்கும் எங்கள் குழுவுக்கு
ஒரு நோட்டு உண்டு. கோடு போட்டது, எண்பது பக்கம்,
மன்னார்குடியில் வாங்கியது.
வைத்திருப்பவன் நான்.
வந்தவர் பெயர், அள்ளிய ஆகாயத்தாமரை எத்தனை டிராக்டர்,
டீக்கு எவ்வளவு, பன்னுக்கு எவ்வளவு.
தலைகீழாகப் பிடித்துப் பின்னட்டையிலிருந்து புரட்டினால்
எச்சரிக்கைகள்.

முதலாவது ஆடியில்.
"தையல்நாயகி. மூன்று ஞாயிறு தாமதம்.
6.20, 6.35, 6.25. வாய்மொழியாகச் சொல்லப்பட்டது."
என் கையெழுத்துதான். நிமிடம் பிசகாமல்.

இரண்டாவது புரட்டாசியில், அறவாழி மேல்.

அறவாழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
மதகுக்கு அடியில் மூச்சடக்கி மூழ்கி
சிக்கிய கட்டையை உருவிக்கொண்டு வருவான்.
அவன் துரட்டி போட்டு இழுத்தால்
பாய் சுருட்டுவது மாதிரி வரும் செடி.
என் காலில் பாட்டில் சில்லு ஏறிய அன்று
ஆஸ்பத்திரி வரை தோளில் தூக்கிப் போனவன்.
இரண்டாவது டீ கேட்டதில்லை.

அன்று கயிறு நழுவியது.
மறுமுனை தையல்நாயகி கையில்.
சேற்றில் உட்கார்ந்துவிட்ட அறவாழி
எழுந்திருக்கும் முன்பே சொன்னான்.
ஒரே வார்த்தை.
அவள் தெருவைப் பற்றி
மற்ற தெருக்கள் தமக்குள் புழங்கும் வார்த்தை.

யாரோ இருமினார்கள்.
இருதயமேரி அக்கா பன் பொட்டலத்தைப் பிரித்து
எல்லாருக்கும் அவசர அவசரமாகக் கொடுத்தார்.

சாயங்காலம் கமிட்டி. ஐந்து பேர், ரைஸ்மில் களத்தில்.
"கோவத்துல வந்தது."
"அவன் இல்லாம கடைமடைக்குத் தண்ணி போவுமா?"
"ஒரு எச்சரிக்கை போட்டு வைப்போம்."
எழுதினேன்:
"அறவாழி. தகாத வார்த்தை பேசியதற்காக எச்சரிக்கப்பட்டார்."

அடுத்த ஞாயிறு அதைப் படித்தபோது
தையல்நாயகி கையை உயர்த்தினாள்.
மன்னிப்பு வேண்டாம் என்றாள்.
அவனை நீக்கச் சொல்லவும் இல்லை.
"எந்த வார்த்தைன்னு எழுதுங்க."

எழுதினால் அசிங்கம் என்றார் தலைவர்.
"சொன்னப்ப?"
நாளைக்கு நோட்டை யாராவது பார்த்தால் என்றார்.
"பாக்கட்டும். நான் ஆறு இருவதுக்கு வந்ததயும்
பாப்பாங்கல்ல."

பேனாவைத் திறந்தேன்.
"தகாத வார்த்தை" மேல் ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே கிடைத்த இடத்தில்
பொடி எழுத்தில் எழுதினேன்.
எழுத்துக்கூட்டி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

விதிப்படி, திருத்தினால் உரக்கப் படிக்க வேண்டும்.
குரல் தடுமாறும் என்று நினைத்திருந்தேன்.
தடுமாறவில்லை.
அந்திக்குக் கொட்டிலுக்குத் திரும்பும் மாடு மாதிரி
வழி கேட்காமல் போய் நின்றது நாக்கு.
அறவாழி அப்போது என்னைப் பார்த்தான்,
ஒரே கயிற்றைப் பிடித்தவனைப் பார்ப்பதுபோல.

எட்டு வாரம் அவன் வரவேண்டாம் என்று முடிவாயிற்று.
துரட்டி மோட்டார் கொட்டகையில் சாத்திக் கிடக்கிறது.
மதகடிக் கட்டையை எடுக்க ஆளில்லை.
மூன்று ஞாயிறாக அரை டிராக்டர்தான்.
கடைமடைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து
தேங்கிய தண்ணீரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் திரும்பினார்.

இன்று தூறல். அவள் வந்தபோது 6.30.
முதல் பஸ் அவள் தெருமுக்கில் நிற்பதில்லையாம்.
மூன்று மைல் நடந்தே வருகிறாள், ஆரம்பத்திலிருந்து.
இதுவும் இருதயமேரி அக்கா சொல்லித்தான்.
நான் கேட்டதே இல்லை.

எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல்
நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
வாய்க்காலில் இறங்குகிறேன்.
அதில் என் பெயருக்கு எதிரே
இன்றுவரை ஒரு எச்சரிக்கையும் இல்லை.