எந்த மாதம் ஏறுவது

போக்கராவிலிருந்து வழிகாட்டி எழுதியிருந்தான்:
ஐப்பசி நல்லது, பங்குனியும் பரவாயில்லை,
மற்ற மாதங்களில் மலை ஆட்களை விரும்பாது.

நான் கிளிநொச்சியில் இருக்கிறேன்.
இங்கே ஆக உயரமான நிலம்
இரணைமடுக் குளக்கட்டு.
அதில் ஏறி நின்றால் மூச்சு வாங்காது,
கொக்குத்தான் தெரியும்.

கலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன்.
பலசரக்குக் கடை தந்தது.
ராகுகாலம் போட்டிருக்கிறது, பனி விழும் காலம் போடவில்லை.

ஐப்பசி.
அங்கே மழை கழுவிவிட்டுப் போன வானம்,
சிகரங்கள் பல் விளக்கினது போல் நிற்குமாம்.
இங்கே அப்போதுதான் முதல் மழை.
உழவு மெசின்காரன் விடியமுன் வந்து
படலையில் நின்று கூப்பிடுவான்.
இரண்டு ஏக்கர், விதைநெல், நான் ஒருத்தி.
கார்த்திகைக்குத் தள்ளலாம்தான்.
கார்த்திகைக் கடைசியில் ஒரு மாலை
எனக்கு இங்கே அலுவல் இருக்கிறது.
எண்ணெய், திரி, தீப்பெட்டி.
அதற்குமேல் வழிகாட்டிக்கு எழுதவில்லை.

பங்குனி.
மலைச்சரிவு முழுக்கச் சிவப்புப் பூ.
படம் அனுப்பியிருந்தான்.
பதினொரு வருடமாகச் சிவப்பைக் கண்டால்
என் கால் தானாக நிற்கும்.
சிவப்புத் தடி, சிவப்பு நாடா,
சிவப்புப் பலகையில் மண்டையோடு.
முகமாலையில் எங்களுக்கு வேலை ஏறுவதே வெயில் மாதத்தில்.
கவசக் கண்ணாடிக்குள் வியர்வை வழிய,
முழங்காலில் இருந்து,
நல்ல நாளில் நாலு பாய் விரிக்கும் இடம்
சுத்தமாக்குவேன்.
அப்போது லீவு கேட்டால் மேற்பார்வையாளர் சிரிப்பார்.

வைகாசி கஞ்சி காய்ச்சும் மாதம்.
அதை அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனி, ஆடி, ஆவணி
அங்கே அட்டையும் மண்சரிவும்.
மிஞ்சியது மார்கழி.
மழைக்கு வெடி எடுக்கும் வேலை நிற்கும்,
பதினாறு நாள் லீவு, சம்பளம் பாதி.

மார்கழியா, என்று மூன்று கேள்விக்குறி போட்டு எழுதினான்.
தங்குமிடம் பாதி பூட்டு,
இரவில் சைபருக்குக் கீழே பதினெட்டு,
தண்ணீர்ப் போத்தலைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுக்கவேண்டும்.

யேசுரட்ணத்தின் மீன்வாடிக்குப் போய்
ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன்.
பாரைமீன்களுக்கு இடையில் என் ஐந்து விரலும்
நூற்றிப்பத்து எண்ணும்வரை கிடந்தன.
'அக்காவுக்கு என்ன நேர்த்தி?' என்றான் ஐஸ் உடைக்கும் பெடியன்.

அடுத்த வரிசையில் தோண்டுகிற பிறேமலோஜினி
ஒரு குளிர் ஜக்கெற் கொண்டுவந்து தந்தாள்.
கனடாவில் யாரோ இறுகிப்போய் அனுப்பியது,
எட்டு வருடம் பெட்டிக்குள்.
போட்டுப் பார்த்தேன். பூச்சி உருண்டை மணத்தில்
அன்று முழுக்கத் தும்மினேன்.

பின்னேரங்களில் பத்துக் கிலோ அரிசியை
முதுகில் கட்டிக்கொண்டு
குளக்கட்டில் வான்கதவு மட்டும் போய்த் திரும்புகிறேன்.
குளிக்க வந்தவர்கள் முதலில் பார்த்தார்கள்,
பிறகு விட்டுவிட்டார்கள்.
இரண்டாம் கிழமைதான் எனக்கே விளங்கியது:
ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல்,
மேலே அவ்வளவு வானம்,
நான் நிலத்தை மட்டும் பார்த்தபடி
அடிக்கு அடி வைத்துப் போய் வந்திருக்கிறேன்.

அன்றிரவு அவனிடம்
சப்பாத்து எது, மாத்திரை எது என்று கேட்கவில்லை.
பாதையில் எனக்கு முன்னால்
ஆட்கள் நடந்திருப்பார்களா என்று கேட்டேன்.

மார்கழியில் கூட்டம் இல்லை, என்றான்.
ஆனால் பனியில் தடம் விழுந்தால் அப்படியே உறைந்து நிற்கும்.
விடிய நான் முன்னால் போவேன்.
நான் மிதித்த குழிக்குள்ளேயே நீங்கள் மிதிக்கலாம்,
பூக்காலத்தில் அது முடியாது.

அப்ப மார்கழி, என்று எழுதினேன்.
கலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.
சரிந்து நின்றது.
விட்டுவிட்டேன்.